வயர் சொன்ன காலம், லாக் சொல்லும் காலம்

கறுப்புத் திரையில் ‘எஃப்டிபி>’ என்று கர்சர் காத்திருக்கும். அங்கே ‘டீபக்’ என்று தட்டினால் ‘டீபக்கிங் ஆன்’ என்று ஒரு வரி வரும். அதன்பின் நம் கம்ப்யூட்டர் எதிர்முனைக்கு அனுப்பும் ஒவ்வொரு கட்டளையும் ---> என்ற குறியோடு திரையில் ஓடும். அடுத்த வரியில் சர்வரின் பதில், முன்னால் ஒரு மூன்று இலக்க எண்ணோடு. 1980களில் பர்க்லி யூனிக்ஸோடு வந்த எஃப்டிபி புரோகிராமின் வசதி இது. ஃபைல் அனுப்பும் வேலையைக் கவனித்தவர்களுக்கு அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய துணை கிடையாது.

எஃப்டிபி நெறிமுறையின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷன். ஐஐடி கான்பூரின் முதல் அணியில் படித்துவிட்டு எம்ஐடிக்குப் போனவர். அவர் தொடங்கிவைத்தது பல கை மாறி, 1985 அக்டோபரில் ஆர்எஃப்சி 959 என்ற ஆவணமாக நிலைபெற்றது. அதில் எடுக்கப்பட்ட ஒரு முடிவை நினைத்து எனக்கு இன்றும் வியப்புத்தான். சர்வர் தரும் ஒவ்வொரு பதிலிலும் எண்ணும் இருக்க வேண்டும், வாக்கியமும் இருக்க வேண்டும். எண் புரோகிராமுக்கு, வாக்கியம் மனிதருக்கு. எண்ணுக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு. 2-ல் தொடங்கினால் வேலை முடிந்தது. 3 என்றால் இன்னும் ஏதோ தர வேண்டும். யூசர் பெயரைச் சொன்னதும் பாஸ்வேர்டு கேட்டு வரும் 331 அந்த ரகம். 4 என்றால் இப்போது முடியவில்லை, கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலலாம். 5 என்றால் அதே கட்டளையை எத்தனை தடவை அனுப்பினாலும் நடக்காது. நடு இலக்கம் சிக்கல் எந்தப் பக்கம் என்று காட்டும்: 2 என்றால் இணைப்பு, 3 என்றால் லாகின், 5 என்றால் ஃபைல். ஆக 425 வந்தால் கை ஃபயர்வால் பக்கம் போகும், 530 வந்தால் பாஸ்வேர்டு பக்கம், 550 வந்தால் ஃபைல் இருக்கிறதா, அனுமதி இருக்கிறதா என்று பார்க்கப் போகும். இந்த எண்கள் மனப்பாடமாக இருந்தவர்கள் வாக்கியத்தைப் படிக்கும் முன்பே எழுந்துவிடுவார்கள்.

ஒரு கோளாறைக் கிட்டத்தில் பார்க்கலாம். லாகின் ஆகிவிட்டது, ஃபோல்டரும் மாறியாயிற்று. ஃபைல் பட்டியல் கேட்டால் மட்டும் திரை அப்படியே நிற்கிறது. டீபக் போட்டுப் பார்த்தால் சர்வரின் கடைசிப் பதில் 227. பாசிவ் மோடுக்குப் போகிறேன் என்று சொல்லி அடைப்புக்குறிக்குள் ஆறு எண்களைத் தருகிறது: (192,168,1,10,195,80). முதல் நான்கும் சர்வர் தன் முகவரி என்று சொல்வது. கடைசி இரண்டும் போர்ட். 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டினால் 50,000. “இந்த முகவரிக்கு, 50,000-ஆவது போர்ட்டுக்கு வா, பட்டியலைத் தருகிறேன்” என்கிறது சர்வர். ஆனால் 192.168 என்று தொடங்கும் முகவரி ஓர் அலுவலகத்தின் உள் நெட்வொர்க்குக்கு உரியது. வெளியிலிருந்து யாரும் அங்கே போய்ச் சேர முடியாது. சர்வர் ரவுட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. வெளியே தனக்கு என்ன முகவரி என்று அதற்கே தெரியவில்லை. கோளாறு பிடிபட்டது. அந்தப் பக்கத்து நிர்வாகிக்கு போன் போட்டு, வெளி முகவரியை செட்டிங்கில் எழுதச் சொன்னால் வேலை முடிந்தது. பின்னால் வந்த ஃபைல்ஜில்லா என்ற எஃப்டிபி புரோகிராம் இந்த வரியைத் தானே படித்து, எட்டாத முகவரி என்று கண்டால் அதை ஒதுக்கிவிட்டு, ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் முகவரிக்கே போகக் கற்றுக்கொண்டது. லாக்கைப் படித்தவர்கள் தெரிந்துகொண்ட ஒன்று இப்படி மென்பொருளுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது.

எஃப்டிபிக்கு நெட்வொர்க் வேண்டும். அது இல்லாத இடங்களில் டெலிபோன் லைனும் மோடமும்தான் கதி. பெல் லேப்ஸில் மைக் லெஸ்க் 1970களின் பிற்பாதியில் உருவாக்கிய யூயூசிபி, ஒரு யூனிக்ஸ் கணினி இன்னொன்றுக்கு போன் போட்டு ஃபைல்களையும் மெயில்களையும் மாற்றிக்கொள்ள வழி செய்தது. அதன் டீபக் அளவை 9 வரை ஏற்றலாம். 9-ல் ஓட்டினால் எதிர்முனையிலிருந்து வரும் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் விழும். எந்தச் சொல் வந்ததும் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருப்பார்கள். ‘லாகின்’ என்ற சொல்லுக்குக் காத்திருக்கச் சொல்லும்போது அதன் முதல் எழுத்தை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதுவது வழக்கம். ஆங்கிலத்தில் அந்த முதல் எழுத்து ஒரு கணினியில் பெரிய எழுத்தாக வரும், இன்னொன்றில் சிறிய எழுத்தாக வரும். லைன் இரைச்சலில் காணாமலும் போகும். உரையாடல் எந்த எழுத்தில் நின்றது என்று பார்ப்பார்கள், வரியைத் திருத்துவார்கள், மறுபடி டயல் செய்வார்கள். எஸ்டிடி கட்டணம் மாதிரி ஒவ்வொரு அழைப்புக்கும் காசு ஓடிக்கொண்டிருக்கும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-ல் பிறந்த கெர்மிட் இதை இன்னும் ஒழுங்கு செய்தது. எந்த ஃபைல் போயிற்று, வந்தது என்பதற்கு ஒரு லாக். திரையில் நடந்ததற்கு ஒரு லாக். வயரில் போன பாக்கெட்டுகளுக்கு ஒரு லாக். புரோகிராமின் உள்ளே ஓடியதற்குத் தனியாக ஒரு டீபக் லாக். தேவையானதை மட்டும் திறந்துகொள்ளலாம். எது நடந்தது, வயரில் என்ன போயிற்று, உள்ளே என்ன ஓடிற்று என்ற இந்தப் பிரிவினையைவிடத் தெளிவான ஒன்றை நான் இன்றைய மென்பொருள்களிலும் பார்க்கவில்லை.

சர்வர் பக்கம் வேறு கணக்கு. 1990களில் பரவலாக ஓடிய டபிள்யூயூ-எஃப்டிபிடி, ஒவ்வொரு ஃபைலுக்கும் ‘எக்ஸ்ஃபர்லாக்’ என்ற கோப்பில் ஒரு வரி எழுதும். நேரம், எத்தனை விநாடி பிடித்தது, எந்தக் கணினி, எத்தனை பைட், ஃபைல் பெயர், வந்ததா போனதா, யார், கடைசியில் முழுசாக முடிந்ததா என்று ஓர் எழுத்து. கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி அது. யார், எவ்வளவு என்பது இருக்கும். பந்தியில் யாருக்கும் யாருக்கும் மனஸ்தாபம் என்பது இருக்காது. அதைத் தெரிந்துகொள்ள டீபக் வேண்டும். சென்ட்மெயிலுக்காக எரிக் ஆல்மன் 1980களில் எழுதிய சிஸ்லாக், செய்திகளை 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாகப் பிரித்தது. உச்சியில் ‘எமர்ஜென்சி’, அடியில் 7-ஆவதாக ‘டீபக்’. இன்று பல மென்பொருள்களின் லாக் செட்டிங்கில் காணும் படிகள் அந்த வழியில் வந்தவைதான்.

அந்தக் காலத்து வெளிப்படைக்கு ஒரு விலையும் இருந்தது. பர்க்லி எஃப்டிபியில் டீபக் போட்டால் எல்லாக் கட்டளையும் தெரியும், பாஸ்வேர்டு மட்டும் தெரியாது. அந்த இடத்தில் நான்கு எக்ஸ் இருக்கும். தோளுக்குப் பின்னால் நிற்பவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்ற அக்கறை. ஆனால் அதே பாஸ்வேர்டு வயரில் எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே போய்க்கொண்டிருந்தது. நடுவில் டிசிபிடம்ப் என்ற ஒட்டுக்கேட்கும் கருவியை ஓட்டியவர் அதை எழுத்து மாறாமல் படித்துவிடலாம். பழுது பார்க்க வந்தவருக்கும் திருட வந்தவருக்கும் வயர் ஒரே கதையைத்தான் சொன்னது.

1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் ஒட்டுக்கேட்கப்பட்டன. அதைத் தடுக்க அங்கிருந்த டாட்டு யூலோனென், வயரில் போவதைச் சங்கேதமாக்கும் எஸ்எஸ்ஹெச்-ஐ எழுதினார். எஃப்டிபியின் 21-க்கும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவில் காலியாக இருந்த 22-ஆவது போர்ட்டைக் கேட்டு வாங்கினார். 1999-ல் ஓபன்பிஎஸ்டி குழுவிடமிருந்து ஓபன்எஸ்எஸ்ஹெச் வந்தது. எஸ்எஸ்ஹெச் மேல் ஓடும் எஸ்எஃப்டிபி, வங்கி, காப்பீடு, சம்பளப் பட்டியல் என்று ஃபைல் பரிமாற்றத்தை மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 2021-ல் ஃபயர்பாக்ஸும் குரோமும் எஃப்டிபியை அடியோடு எடுத்துவிட்டன.

நன்மைதான், சந்தேகமே இல்லை. ஆனால் பழுது பார்ப்பவரின் கண் அன்றோடு மூடிக்கொண்டது. இன்று எஸ்எஃப்டிபி ஓடும் வயரில் டிசிபிடம்ப் மாதிரியான வயர்ஷார்க் கருவியை வைத்துப் பார்த்தால், இரு பக்கமும் தங்கள் வெர்ஷனைச் சொல்லிக்கொள்வதும், தமக்குத் தெரிந்த குறியாக்க முறைகளைப் பட்டியல் போடுவதும் தெரியும். அதோடு சரி. யார் லாகின் செய்தார், எந்த ஃபைலைக் கேட்டார், சர்வர் ஏன் மறுத்தது என்பதெல்லாம் சங்கேதத்துக்குள் போய்விடும். அந்த உரையாடலை அறிந்தவை இரண்டே: இந்த முனைப் புரோகிராமும் அந்த முனைப் புரோகிராமும். அவை எழுதிவைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. எஃப்டிபி நாட்களில் டீபக் லாக் கைக்கு வசதியான ஒரு துணை. இன்று நடந்ததற்கு வேறு சாட்சியே கிடையாது.

இதன் கனம் புரிய இரவு ஷிஃப்டில் உட்கார வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் ஃபைல்கள் ராத்திரியில் ஓடி முடிகின்றனவா என்று சென்னையில் கண் விழித்துக் கவனிப்பவர்கள் ஏராளம். 2021 செப்டம்பரில் ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.8 வந்தபோது, ஷா-1 வைத்துப் போடும் பழைய ஆர்எஸ்ஏ கையெழுத்தை அது இயல்பு நிலையில் நிறுத்திவிட்டது. பாதுகாப்புக்காக எடுத்த சரியான முடிவு. ஆனால் எதிர்முனையில் அந்தப் பழைய முறை மட்டுமே தெரிந்த சர்வர்கள் நிறைய இருந்தன. இந்தப் பக்கம் லினக்ஸை உபுண்டு 22.04-க்கு ஏற்றியதும், வருடக்கணக்காக ஓடிய பேட்ச் வேலை நின்றுபோகும். சாவி மாறவில்லை, யூசர் மாறவில்லை, ஃபயர்வால் திறந்தே இருக்கிறது. திரையில் மட்டும் ‘பெர்மிஷன் டினைட், பப்ளிக் கீ’.

இந்த வரியைப் பார்க்கும் யாருக்கும் சந்தேகம் சாவி மேல்தான் போகும். புதிதாக ஒரு ஆர்எஸ்ஏ சாவி செய்து எதிர்முனைக்கு மெயிலில் அனுப்புவார்கள். அவர்கள் அதைச் சேர்க்க ஒருநாள் ஆகும். சேர்த்த பிறகும் அதே வரி. கட்டளையோடு மூன்று ‘வி’ சேர்த்து ஓட்டினால் டீபக்1, டீபக்2, டீபக்3 என்று முன்னொட்டுப் போட்டு வரிகள் கொட்டும். பாதிக்குக் கீழே, எந்தச் சிவப்பு எழுத்தும் இல்லாமல், மற்ற வரிகளோடு வரியாக ஒன்று நிற்கும்: ‘நோ மியூச்சுவல் சிக்னேச்சர் அல்காரிதம்’. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகத் தெரிந்த கையெழுத்து முறை இல்லை என்கிறது. அதாவது அந்தச் சாவி சர்வரிடம் காட்டப்படவே இல்லை. காட்டப்படாத சாவியை அந்தப் பக்கம் எத்தனை முறை சேர்த்தால் என்ன? தற்காலிகமாக அந்த ஒரு சர்வருக்கு மட்டும் பழைய முறையை அனுமதிக்கலாம், அல்லது சர்வருக்குத் தெரிந்த வேறு வகைச் சாவிக்கு மாறலாம். சில நிமிட வேலை. அந்த ஒரு வரியைப் படிக்காததால் சில நாட்கள் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

இதே ‘பெர்மிஷன் டினைட்’ முற்றிலும் வேறு காரணத்தாலும் வரும். சர்வரில் அந்த யூசரின் ஹோம் ஃபோல்டரில் மற்றவர்களும் எழுதலாம் என்று அனுமதி தளர்ந்து கிடந்தால், ஓபன்எஸ்எஸ்ஹெச் அங்கிருக்கும் சாவியை நம்பாது. காரணத்தைத் தன் லாக்கில் ‘பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்’ என்று எழுதிவைக்கும்; வெளியே இருப்பவரிடம் சொல்லாது. கதவைத் தட்டுபவர் யாரென்று உறுதியாகாதபோது உள் விவரம் எதையும் தரக் கூடாது என்பது அதன் கொள்கை. ஆகவே இந்தப் பக்கம் எத்தனை ‘வி’ போட்டாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. முன்பு ஒரு முனையில் டீபக் போட்டால் இரு பக்கப் பேச்சும் கேட்டது. இன்று இரண்டு முனை லாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கதை முழுசாகிறது.

இன்னொரு இழப்பும் உண்டு. எஃப்டிபியில் இடம் போதவில்லை என்றால் 452, ஒதுக்கிய அளவைத் தாண்டினால் 552 என்று தனித்தனி எண்கள் இருந்தன. ஓபன்எஸ்எஸ்ஹெச் இன்றும் பேசும் எஸ்எஃப்டிபி 3-ஆம் பதிப்பில் பிழை எண்களே விரல்விட்டு எண்ணும் அளவுதான். டிஸ்க் நிரம்பினாலும், வேறு பல காரணங்களால் மறுத்தாலும் ‘4, ஃபெயிலியர்’ என்ற ஒரே பதில். மனிதருக்கு ஒரு வாக்கியம் வேண்டும் என்று 1985-ல் எழுதியவர்களின் கரிசனம் இந்த இடத்தில் தேய்ந்துபோனதாகவே எனக்குப் படுகிறது.

டீபக்கைத் திறக்கும் வேலை மட்டும் முன்னைவிட எளிது. ஃபைல்ஜில்லாவின் செட்டிங்கில் டீபக் என்று தனிப் பக்கமே உண்டு, அளவு 0 முதல் 4 வரை. கீழே ஓடும் செய்தியில் கட்டளை நீலம், பதில் பச்சை, பிழை சிவப்பு. பிராகாவைச் சேர்ந்த மார்ட்டின் பிரிக்ரில் உருவாக்கிய வின்எஸ்சிபியில் லாகிங் பக்கத்துக்குப் போய் செஷன் லாக்கை ஆன் செய்து, ரெட்யூஸ்ட், நார்மல், டீபக் 1, டீபக் 2 என்று நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். நாம் அனுப்பிய வரிக்கு முன்னால் > குறி, வந்த வரிக்கு < குறி. இதில் நான் மதிக்கும் ஒரு விஷயம், பாஸ்வேர்டு முதலான ரகசியங்களையும் லாக்கில் எழுது என்பதற்குத் தனியாக ஒரு டிக் பெட்டி இருப்பது. அது இயல்பில் காலியாகவே இருக்கும். வேண்டும் என்று முடிவெடுத்து ஒருவர் தொட்டாலொழிய பாஸ்வேர்டு கோப்பில் இறங்காது.

இந்த எச்சரிக்கை மிகையல்ல. 2018 மே மாதம் ட்விட்டர், பாஸ்வேர்டுகள் மறைக்கப்படும் முன்பே ஓர் உள் லாக்கில் எழுதப்பட்டுக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து, தன் 33 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களிடம் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னது. வயரைப் பூட்டிய பிறகு ரகசியம் சிந்தும் இடம் லாக் கோப்பாகிவிட்டது. ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வரின் கையேடு, டீபக் அளவில் லாக் எழுதுவது பயனர்களின் அந்தரங்கத்தை மீறுவது, அதைப் பரிந்துரைக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பாஸ்வேர்டை விட்டுவிடுவோம். யூசர் பெயர், சர்வர் முகவரி, ஃபோல்டர் அமைப்பு, ஃபைல் பெயர் எல்லாம் லாக்கில் இருக்கும். ஃபைல் பெயரிலேயே கணக்கு எண்ணையும் ஊழியர் பெயரையும் வைக்கும் அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் இன்று நடப்பது என்ன? டீபக்கை ஆன் செய்கிறார்கள், கோளாறை மறுபடி வரவழைக்கிறார்கள், வந்த கோப்பை ஜிப் செய்து டிக்கெட்டில் இணைத்து விற்பனையாளரின் சப்போர்ட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நடுவில் யாரும் அதைத் திறப்பதில்லை. திறக்காததால் காரணமும் தெரிவதில்லை, உள்ளே எதை வெளியே அனுப்புகிறோம் என்பதும் தெரிவதில்லை. டீபக்கை அணைக்க மறந்துவிடுவதும் உண்டு. பிறகு ஒருநாள் டிஸ்க் நிரம்பி சர்வர் நிற்கும். அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதியவர்களுக்கு மட்டுமே புரியும் வரிகள் டீபக் லாக்கில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஆன் செய்தவர் ஒருமுறை மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டு, மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு அனுப்ப வேண்டும். எல்லா வரியும் புரிய வேண்டியதில்லை. சரியாக ஓடிய நாளின் லாக் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், இரண்டும் பிரியும் இடம் கண்ணில் படும். அந்த இடத்துக்குச் சற்று மேலேதான் காரணம் பெரும்பாலும் இருக்கும்.

இந்தியாவில் இப்போது லாக் சட்ட விஷயமும்கூட. 2022 ஏப்ரல் 28 அன்று கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். கடிகாரங்களை என்ஐசி அல்லது என்பிஎல் நேரத்தோடு ஒத்திசைக்கவும் அதே உத்தரவு சொல்கிறது. இந்த இரண்டாவது விதியின் அருமை இரண்டு முனை லாக்கை ஒப்பிட்டவர்களுக்குத் தெரியும். நம் லாக்கில் அதிகாலை 2.10 என்று இருக்கும். யூடிசியில் எழுதும் எதிர்முனை சர்வரில் அது முந்தைய நாள் இரவு 8.40. ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் சரியாகிவிடும், கடிகாரங்கள் சரியாக இருந்தால். ஒன்று சில நிமிடம் பிந்தி ஓடினால், எந்த மறுப்பு எந்த முயற்சிக்கு என்று பொருத்தவே முடியாது.

இப்போது வரும் கருவிகள் டீபக்கைக் குறுக்கித் தரத் தொடங்கியிருக்கின்றன என்பது ஆறுதல். ஃபைல்களை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் புரோகிராமின் 3.1 பதிப்பு 2013-ல் வந்தபோது எந்தப் பகுதியின் டீபக் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கும் வசதி வந்தது. ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.5-ல், மூல நிரலின் குறிப்பிட்ட கோப்பையோ வரியையோ சுட்டி அதற்கு மட்டும் முழு லாக் கேட்கலாம். ஆனால் அன்றாடச் சிக்கலுக்கு நான் கைக்கொள்வது அதைவிடப் பழைய வழி. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரைத் தொடாமல், அதே மென்பொருளை 2222 போன்ற வேறொரு போர்ட்டில் டீபக் முறையில் தனியாக எழுப்புவது. சிக்கலுள்ள அந்த ஒரு யூசரை மட்டும் அந்தப் போர்ட்டுக்கு வரச் சொன்னால், சர்வர் அவரை ஏன் மறுக்கிறது என்று திரையிலேயே வரி வரியாகச் சொல்லிவிடும். மற்ற யாருடைய விவரமும் அதில் பதிவதில்லை. அணைக்க மறந்துவிடுவோம் என்ற கவலையும் இல்லை. டீபக் முறையில் எழுப்பிய எஸ்எஸ்ஹெச் சர்வர் ஒரே ஓர் இணைப்பைத்தான் ஏற்கும், அது முடிந்ததும் தானாகவே நின்றுவிடும்.